பாத்ரூம் தேக்கு ஸ்டூலுக்கு எண்ணெய் தடவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், குளியலறையில் போடும் தேக்கு ஸ்டூல், மிதிபலகை, சின்ன அலமாரி இவற்றைப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். கம்பி நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும், கறை போகாவிட்டால் டாய்லெட் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும், மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் பூச வேண்டும் என்று மூன்று யோசனைகள். மூன்றுமே தப்பு. காட்டமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த மூன்றையும் ஒன்று விடாமல் செய்துவிட்டு, “தேக்குன்னு சொல்லி ஏமாத்திட்டான்” என்று விற்றவரைத் திட்டிக்கொண்டே என் பட்டறைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

நான் செங்கோட்டையில் தச்சு வேலை செய்கிறவன். அப்பாவுக்கும் இதே தொழில். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் பக்கம். ஆரியங்காவு கணவாய் வழியாக மலைத் தேக்கு இறங்கி வந்த காலத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது என் கைக்கு வருவதில் பாதிக்கு மேல் தூத்துக்குடியில் கன்டெய்னரில் வந்து இறங்கும் கானா தேக்கும் ஈக்வடார் தேக்கும்தான். பர்மாக்காரர்கள் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரமாக வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் யாராவது “அசல் பர்மா தேக்கு பாத்ரூம் ஸ்டூல்” என்று மலிவு விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எந்த ஊர்த் தேக்காக இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான். மரத்துக்குள்ளேயே எண்ணெய்ப் பசை இருக்கிறது. கூடவே மணல் சத்து, அதாவது சிலிக்காவும் உண்டு. அதனால்தான் தேக்கு இழைக்கும்போது உளியும் இழைப்புளியும் சீக்கிரம் வாய் மழுங்கிப் போகும். அந்த எண்ணெய்ப் பசைதான் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது, கரையானையும் அண்ட விடாது. ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தாலும் தேக்கு மற்ற மரங்களைப் போலப் பெரிதாக ஊதுவதும் சுருங்குவதும் இல்லை. 1817இல் பம்பாயில் மலபார் தேக்கைக் கொண்டு ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். திருகோணமலையின் ஆங்கிலப் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். இருநூறு வருஷம் தாண்டியும் அது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கிறது. பேரன் போனில் படம் காட்டினான். உப்புக் கடலைத் தாங்கிய மரத்துக்கு நம் வீட்டு ஒரு வாளித் தண்ணீர் ஒரு பொருட்டா?

பிறகு ஏன் பாத்ரூமில் கெட்டுப்போகிறது என்றால், கப்பல் தளத்தில் காற்றும் வெயிலும் உண்டு. நம் பாத்ரூமில் இல்லை. காலையில் நாலு பேர் குளித்து முடித்ததும் கதவைச் சாத்திவிடுகிறோம். ஸ்டூலின் நாலு காலும் தேங்கின தண்ணீரில் நிற்கிறது. சாயங்காலம் திறந்து பார்த்தால் தரை இன்னும் ஈரம். அடுத்த நாள் காலையில் மறுபடியும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். தேக்கு நனைவதற்குப் பயப்படாது. காயாமல் கிடப்பதுதான் அதற்கு ஆகாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

தென்காசியில் ஒரு ஆச்சி இருக்கிறார். துபாயில் இருக்கும் மகன், அம்மா வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று ஆன்லைனில் ஒரு தேக்கு ஸ்டூல் வாங்கி அனுப்பியிருந்தான். ரீப்பர் ரீப்பராக, அதாவது ஒடுக்கமான மரச் சட்டங்களாக, இடைவெளி விட்டு அடித்தது, ஒழுங்கான வேலை. ஒரு வருஷம் கழித்து ஆட்டோவில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“ஆசாரி, இது என்ன மரம்னு பார்த்துச் சொல்லு. பய அம்புட்டு ரூபா கொடுத்து வாங்கி அனுப்பியிருக்கான். உக்கார்ந்தா சேலையெல்லாம் கறுப்பா ஒட்டுது.”

கையை வைத்தேன். பிசுபிசுவென்று விரல் ஒட்டியது. நகத்தால் சுரண்டினால் நகக்கண் நிறைய கறுப்பு மெழுகு வந்தது. மோந்து பார்த்தால் சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் வாடை. அந்த மெழுகுக்குக் கீழே மரம் தங்கம் தங்கமாக இருக்கிறது.

“ஆச்சி, மரம் நல்ல தேக்குதான். இதுக்கு எண்ணெய் எதுவும் போட்டீங்களா?”

“பின்ன? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தடவிக்கிட்டுத்தான வாரேன். மரம் காஞ்சிரக் கூடாதுல்லா.”

மரம் காய வேண்டும் ஆச்சி, அதுதான் விஷயமே என்று சொல்லி உட்கார வைத்து விளக்கினேன். எண்ணெயில் இரண்டு ஜாதி உண்டு. ஆளி விதை எண்ணெய் போன்றவை காற்றுப் பட்டால் இறுகிக் காய்ந்துவிடும். அதனால்தான் பெயிண்டிலும் வார்னிஷிலும் அதைச் சேர்க்கிறார்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது. வேப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் கதவுக் கீலுக்கு நல்லது, மரத்தின் மேல் இறுகாது. காயாத எண்ணெய் மேலேயே நின்று, சோப்பு, அழுக்கு, தலைமுடி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமும் சேர்ந்தால் பூசணத்துக்குச் சாப்பாடு தயார். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எண்ணெய் தடவின பலகையில் சோப்புத் தண்ணீர் பட்டால் வழுக்கும். விழாமல் இருக்க வாங்கின ஸ்டூலே ஆளை விழத் தள்ளிவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதை நீங்கள் கட்டம் கட்டிப் போட வேண்டும்.

“அப்போ கடையில தேக்கு எண்ணெய்னே டப்பாவுல விக்கானே?” என்று ஆச்சி விடவில்லை. அது தேக்கைப் பிழிந்து எடுத்தது இல்லை. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ, அதில் கொஞ்சம் வார்னிஷும் டர்பன்டைனும் கலந்திருக்கும். பூசினால் இரண்டு வாரம் பளபளவென்று இருக்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வரவேற்பறை நாற்காலிக்குப் பூசட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தினம் தண்ணீர் விழும் இடத்தில் சீக்கிரம் திட்டுத் திட்டாகப் போய், கறுத்து, மறுபடி மறுபடி பூசச் சொல்லும். ஆளி விதை எண்ணெய் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: அதைத் தொட்டுத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடு கிளப்பும். சுருட்டின துணிக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பிடித்துவிடும். தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும், இல்லை விரித்து வெளியில் காயப் போட வேண்டும். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும், வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வார்னிஷ் அடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பவர்களும் உண்டு. தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை மேலே அடிக்கும் எதையும் ஒழுங்காகப் பிடிக்க விடாது. வியர்த்த உடம்பில் பிளாஸ்திரி ஒட்டினது மாதிரிதான். ரீப்பர் முனையிலோ ஸ்க்ரூ ஓட்டையிலோ தண்ணீர் புகுந்து வார்னிஷுக்கு அடியில் போய்விட்டால் வெளியே வர வழியில்லை. அப்புறம் செதில் செதிலாக உரியும். பிரெஞ்ச் பாலிஷ் இன்னும் மோசம். அது அரக்கு, ஈரம் பட்டாலே வெளுத்துப்போகும். தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கும் அலமாரிக்கு பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் அடிக்கலாம், அது நிற்கும். உட்காரும் ஸ்டூலையும் மிதிக்கும் பலகையையும் வெறும் மரமாகவே விடுங்கள்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? ஆச்சியின் ஸ்டூலுக்கு நான் செய்ததையே சொல்கிறேன். முதலில் மரச் சில்லு ஒன்றைச் சீவி, அதன் முனையால் மெழுகைச் சுரண்டி எடுத்தேன். கத்தி வைத்தால் மரம் கீறிவிடும். அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு கரண்டி. துணியில் தோய்த்து மேலே போட்டுப் பத்து நிமிஷம் ஊற விட்டேன். பிறகு தேங்காய் நார். கவனியுங்கள், கம்பி நார் இல்லை, தேங்காய் நார். மர ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. ரேகைக்கு நடுவே இருக்கும் மிருதுவான பகுதி குறுக்குத் தேய்ப்பில் அரைபட்டுப் பள்ளமாகும், பள்ளத்தில் அழுக்கு தங்கும். ரீப்பர்களுக்கு இடையில் பழைய பல் பிரஷ். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்ததும் தண்ணீர் தெளிவாக இறங்கியது. நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி, சாய்த்து நிழலில் வைத்தேன். உச்சி வெயிலில் ஈர மரத்தை வைத்தால் முனைகள் வெடிக்கும். இளவெயில் பரவாயில்லை.

கம்பி நார் ஏன் ஆகாது என்றால், தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் மரத்தின் துளைகளில் சிக்கிக்கொள்கின்றன. தேக்கில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் கறுப்பு. நம் பாட்டன்மார் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து எழுதுகிற மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான் ஸ்டூலின் மேல் புள்ளி புள்ளியாக நடக்கிறது. மறுநாள் பார்த்துவிட்டுப் பூசணம் என்று நினைத்து இன்னும் அழுத்திக் கம்பி நாரால் தேய்ப்பார்கள். கறுப்பு இன்னும் கூடும். இரும்பு ஆணி அடித்த இடத்தைச் சுற்றிக் கறுத்து நிற்பதும் இதனால்தான். துருப்பிடித்த இரும்பு வாளியை ராத்திரி மரத்தின் மேல் வைத்துவிட்டால் காலையில் வட்டமாக ஒரு கறுப்பு வளையம் இருக்கும்.

அந்தக் கறுப்புக்கு மருந்து ஆக்ஸாலிக் ஆசிட். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பொடி. வெந்நீரில் கொஞ்சம் கரைத்துக் கறை மேல் மட்டும் தடவினால் கண் முன்னாலேயே கறுப்பு கலைந்து போகும். ஆனால் அது விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கரைசலை மிச்சம் வைக்கக் கூடாது, முடிந்ததும் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தச்சரிடமே கொடுத்துவிடுவது நல்லது. உங்கள் குறிப்பில் சொன்ன டாய்லெட் கழுவும் ஆசிட் வேறு, இது வேறு. டாய்லெட் ஆசிட் மரத்தின் நாரையே தின்றுவிடும். பித்தளை ஸ்க்ரூவைப் பச்சையாக்கும், எவர்சில்வர் ஸ்க்ரூவைக் கூட அரிக்கும். அதைவிட முக்கியம், பாத்ரூமில் ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து அதன் மேல் ஆசிட்டும் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத சின்ன பாத்ரூமில் அது மூச்சை அடைத்துவிடும். பத்திரிகையில் வந்ததென்று நம்பி யாராவது செய்து தொலைத்தால் யார் பொறுப்பு?

உப்புத் தண்ணீர்க் கறை தனி. எங்கள் மலையோரத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். போர்வெல் தண்ணீர் ஊர்களில் சோப்பு நுரைக்காமல் திரிந்து தயிராக நிற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசினாகிறது. மரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படிந்திருப்பது அதுதான். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை குடிநீருக்கு நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர்ப் போர்வெல்கள் பலவற்றில் என்ன வருகிறது என்பது வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தப் படிவுக்கு வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. துணியில் நனைத்துத் துடைத்து, உடனே அலசிவிட வேண்டும். எலுமிச்சம்பழ மூடியைத் தேய்த்தாலும் அதே பலன். குளிக்கும் சோப்புக்குப் பதில் திரவ சோப்புக்கு மாறினாலே படிவு பாதி குறையும் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார், எனக்கும் சரியென்றுதான் படுகிறது.

உங்கள் குறிப்பு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்து எழுதினதோ என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் நம் வீட்டுப் பாத்ரூமில் தேக்குக்கு வரும் பெரிய சோதனை அதில் இல்லவே இல்லை. எண்ணெய்க் குளியலைச் சொல்கிறேன். சனிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு ஸ்டூலில் அரை மணி நேரம் ஊறுகிறோம். உடம்பிலிருந்து வழிந்த எண்ணெய் முழுக்க ரீப்பர் இடுக்கில்தான் போகிறது. நல்லெண்ணெய் தேங்காய் எண்ணெய் அளவுக்கு அடம்பிடிக்காது, ஆனால் ஒழுங்காகவும் காயாது. பாதி இறுகிப் பசையாக நிற்கும். அதன் மேல் சீயக்காய்த் தூளும் அரப்பும் விழுந்து ஒட்டிக்கொள்ளும். சீயக்காயும் அரப்பும் எண்ணெயைக் கழற்றும் சரக்குகள்தான், அதனால் அந்த நேரத்திலேயே வேலையை முடித்துவிடலாம். தலைக்குத் தேய்த்த சீயக்காய் மிச்சம் கிண்ணத்தில் இருக்கும் அல்லவா, அதை ஸ்டூலில் போட்டுத் தேங்காய் நாரால் நாலு இழுப்பு இழுத்து, வெந்நீர் இரண்டு செம்பு ஊற்றிவிடுங்கள். தூள் இடுக்கில் தங்காதபடி கவிழ்த்தும் ஒரு செம்பு. சூடு ஆறுவதற்குள் செய்ய வேண்டும், ஒரு நாள் விட்டால் பசை பிடித்துவிடும்.

தினசரி வேலை என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். கடைசியாகக் குளிக்கிறவர் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, ஸ்டூலைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். மிதிபலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். பாத்ரூம் கதவைத் திறந்து விட வேண்டும். என் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி மருமகள் சிரிக்கிறாள், “மாமா குளிச்சா ஸ்டூலும் குளிச்சுத் துவட்டிக்கிட்டுத்தான் வரும்” என்று.

கால்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டூல் கெடுவது எப்போதும் காலின் அடியிலிருந்துதான். பலகையின் முகத்தில் தண்ணீர் ஓடிவிடும், மரத்தின் வெட்டு முகத்தில் உறிஞ்சும். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறின குழாய்கள் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன. புது ஸ்டூல் வாங்கினதும் கவிழ்த்துப் போட்டு, காலின் அடி நன்றாகக் காய்ந்திருக்கும்போது அரால்டைட் பசையை மெலிசாக இரண்டு தடவை தேய்த்து அடைத்துவிடுங்கள். பூசுவதற்கு முன் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடை, இல்லாவிட்டால் மரத்தின் எண்ணெய்ப் பசை அதையும் உரித்துவிடும். அதற்கு மேல் ரப்பர் புஷ் போடலாம், வழுக்காது. ஆனால் புஷ்ஷுக்குள் தண்ணீர் தேங்கும். அடியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு, மாதம் ஒரு தரம் கழற்றி அலசிக் காய வைத்து மாட்ட வேண்டும். கழற்றாமல் ஒரு வருஷம் விட்ட புஷ்ஷை இழுத்தால் உள்ளே இருந்து வரும் நாற்றத்தை நான் எழுதப் போவதில்லை.

ஆட்டம் கண்ட ஸ்டூலில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். சாதாரண வெள்ளைப் பசையால் ஒட்டினது ஈரத்தில் இளகிவிடும். தண்ணீர் தாங்கும் பசைதான் போட வேண்டும். ஸ்க்ரூ பித்தளையா எவர்சில்வரா என்று பாருங்கள். காந்தம் ஒட்டி, துருவும் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நாலு ஸ்க்ரூ மாற்றக் கூலி அதிகம் ஆகாது, விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே ஒன்றைக் கவனித்தால் பாதிக் கவலை இல்லை. தேக்கில் நடுவில் இருப்பது வைரம், பட்டைக்கு அடுத்து வெளிறித் தெரிவது வெள்ளை. நான் மேலே சொன்ன பெருமையெல்லாம் வைரத்துக்குத்தான். வெள்ளையை ஈரமும் அரிக்கும், கரையானும் தின்னும். நிலம்பூரில் 1840களில் கனோலி என்ற மலபார் கலெக்டர் காலத்தில் தேக்கு நட்டார்கள். அந்தத் தோட்டத்தின் பழைய மரங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கெல்லாம் ஐம்பது அறுபது வருஷம் வளர விட்டு வெட்டுவதுதான் வழக்கம். இப்போது தோப்பில் பதினைந்து வருஷத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். சின்ன மரத்தில் வைரம் கொஞ்சம், வெள்ளை அதிகம். விற்கிறவர் வெள்ளைக்கும் சாயம் ஏற்றி ஒரே நிறமாக்கிவிடுவார். ஸ்டூலைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள், அங்கே சாயம் ஏற்றச் சோம்பல்பட்டிருப்பார்கள். தேன் நிறத்துக்கு நடுவே பட்டை போல வெளிறல் ஓடினால் பாத்ரூமுக்கு வேண்டாம்.

நிறம் மங்குகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: வெயில் படும் இடத்தில் தேக்கு காலப்போக்கில் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அது மேல் தோல் மட்டும்தான், பலம் குறையாது. பழைய நிறம்தான் வேண்டும் என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு 120ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, ரேகையோடு. நார் எழும்பிச் சொரசொரப்பானாலும் இதே வைத்தியம். வருஷத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் வேண்டாம், தேய்க்கத் தேய்க்க மரம் குறைகிறது. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தேக்குத் தூசி சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். எங்கள் பட்டறைப் பையன் ஒருவன் தேக்கு வேலை என்றாலே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவான்.

உண்மையான கறுப்புப் பூசணம் வந்துவிட்டால் முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வினிகர் தண்ணீரில் துடைத்து, முழுக்கக் காயவைத்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் மரத்தில் இல்லை, பாத்ரூமில். இதை உங்கள் வீட்டுமனைப் பக்கத்தில் எழுதுகிற இன்ஜினீயர்களுக்கும் சொல்ல ஆசை. முன்பெல்லாம் பாத்ரூமுக்கு வெளிச் சுவரில் பெரிய வென்டிலேட்டர் வைப்பார்கள், கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக இருக்கும், எப்போதும் காற்று போகும். இப்போது கட்டும் அடுக்குமாடிகளில் பாத்ரூம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒரு ஓட்டை விட்டு அதில் எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் சத்தம் போடுகிறது என்று யாரும் போடுவதில்லை. குளித்த பிறகு அரை மணி நேரம் அந்த ஃபேன் ஓடட்டும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் உள்ளே காற்று வந்து வெளியே போகும். பிவிசி கதவு போட்டுத் தரையோடு ஒட்டினாற்போல் ரப்பர் அடிக்கிறார்கள், அது எனக்குப் புரியவே இல்லை.

பாத்ரூம் நிலைக்கும் இதே கதைதான். கதவை பிவிசிக்கு மாற்றினவர்கள் வீட்டில்கூட நிலை தேக்காகவே நிற்கிறது, அதன் அடி அரை அடி மட்டும் கறுத்து, அமுக்கினால் விரல் போகிறது. தரை டைல்ஸ் போடும்போது நிலைக்காலைச் சுற்றி சிமென்ட்டை ஏற்றி மூடிவிடுவதால் வருவது. டைல்ஸ்காரர் வேலை செய்யும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, நிலையைச் சுற்றி ஈரம் தேங்காமல் வாட்டம் வைக்கச் சொல்ல வேண்டும். அடி போன நிலையை முழுக்க மாற்ற வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும் சாய்வாக அறுத்துவிட்டு, வைரக் கட்டை ஒன்றைச் செருகி இணைத்துவிடலாம். அந்த இடத்தில் கிரானைட் துண்டு வைத்துவிடுவதும் உண்டு, அதுவும் நல்ல யோசனைதான்.

ஆச்சியின் ஸ்டூல் இப்போது வெறும் மரமாக இருக்கிறது. எண்ணெய் கிண்ணத்தை மகள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று கேள்வி.

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் பரணில் கிடக்கும் தேக்குப் பலகையும் ஸ்டூலும் கீழே இறங்கும். அதைப் பளபளப்பாக்கலாம் என்று உங்கள் இணைப்பைத் தேடி எடுத்துப் படிப்பார்கள். அதற்குள் அந்த ஆசிட் யோசனைக்கும் எண்ணெய் யோசனைக்கும் ஒரு திருத்தம் போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கடிதம் நீண்டுவிட்டது, இடம் இல்லாவிட்டால் கப்பல் கதையை வெட்டிவிடுங்கள், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பற்றி எழுதினதை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
செங்கோட்டை.